ஞாயிற்றுக்கிழமைத் துகிலுரி படலம்

வாழி! வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மலைகளை எழுப்பியவர், பள்ளத்தாக்குகளை அகழ்ந்தவர், பதினொரு மைல் இருப்புப்பாதையின் இருமருங்கும் நாற்பதாயிரம் மரங்களை நட்டு, அவற்றில் ஒன்றுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதவர், யார்க்‌ஷயர்ப் பெருநிலத்து ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர், கணினித் திரைக்குள் உலகு சமைத்த உத்தமர் ஹொரேஸ் மெட்காஃப் வாழி! எலியை ஊர்தியாக உடைய ஆனைமுகனை வணங்கிக் காவியம் தொடங்குவது மரபு. இந்தக் காவியத்தில் எலி வீரனின் கைக்குள்ளேயே இருந்தது.

அவர் சமைத்தது ஹேக்கர்பி கிளைப்பாதை. தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று நாய்களும் நாய்களால் இழுக்கப்படுவோரும் மட்டுமே உலவும் அந்தத் தடத்தை, 1961 ஜூன் பதினெட்டு, ஞாயிறு காலை பத்தரை மணிக்கு இருந்தபடியே திரையில் எழுப்ப அவர் விரதம் பூண்டார். அன்று கடற்கரைக்குப் போன உல்லாச ரயிலின் புகைப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. வேறு காரணம் வேண்டுமா? அந்த ஒரு காலைக்காகக் கதிரவனை உரிய சாய்வில் கட்டிப்போட்டார். செம்மறிகளின் முகத்துக்குக் கருமை தீட்டினார். தந்திக் கம்பங்களில் பீங்கான் குமிழ்களைப் பதித்தார். இவை எல்லாவற்றுக்கும் மணிமுடியாக, ஊர்க் கொல்லைகள் தோறும் துணிக்கொடி கட்டினார். இருநூற்றுப் பதினான்கு கொடிகள்! அவற்றில் படுக்கை விரிப்புகள் பாய்மரம் போல் புடைத்தன. நீள்காலுடைகள் நாட்டியம் ஆடின. மேல்காற்று வீசும்போதெல்லாம் ஹேக்கர்பி முழுவதும் கொடிபறக்கும் படைவீடாய்ப் பொலிந்தது.

ஆனால் வீரனுக்கு எதிரி வேண்டுமல்லவா? இருந்தார். பெயர் பேசில் ஹெப்டன். ரயில் எஞ்சின் ஒன்றைக் கண்டால் அதன் அழகைப் பாராமல் கொதிகலனில் எத்தனை ஆணி என்று எண்ணும் ஒரு குலம் அந்நாட்டில் உண்டு. ஆணி எண்ணிகள் என்றே அவர்களுக்குப் பெயர். அக்குலத்தின் கொற்றவர் ஹெப்டன், கணினித் திரையில் ரயில் ஓட்டுவோரின் கழகத்துக்குப் பிழை தேர்பவர். முந்தைய ஆண்டு மெட்காஃபின் பாதையை ஒரு கைகாட்டி விளக்கின் பச்சை பிசகியதற்காகத் தகுதியற்றது என்று தள்ளியவர். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வேலிப்படலுக்காகத் தள்ளியவர். மூன்றாம் முறையும் தள்ளப்பட்ட பாதையை மறுபடி கொண்டுவரலாகாது என்பது திரைரயில் கழகத்தின் விதி. இலையுதிர்காலக் கண்காட்சியில் இருந்ததோ ஒரே இடம். ஆகவே அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல், மெதடிஸ்ட் சாப்பல் எனும் ஊர்த் தேவாலயத்தின் ஹாலில், மெட்காஃபின் மூன்றாண்டுத் தவம் ஒரு மடிக்கணினியில் ஏறிக் களம் புகுந்தது.

ஹெப்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாளை உறையிலிருந்து உருவும் ஓசை கேட்டது போலிருந்தது.

“அந்தக் கைகாட்டி விளக்கு?”

“மாத்தியாச்சு.”

“வேலிப்படல்?”

“அஞ்சு சட்டம். வேணும்னா எண்ணிக்குங்க பேசில், உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே.”

எண்ணினார். கட்டைகளை எண்ணினார், கம்பங்களை எண்ணினார், ஆட்டுக் கொம்புகளை எண்ணினார். ஒரு மணி நேரம் குறை தேடி அலைந்தும் காணாது, பாலையில் நீர் தேடிய யானை போல் உலர்ந்து நின்றார். கழகத் தலைவர் ஆக்டன் பேனாவைத் திறந்தார். அவ்வேளை பார்த்துத் தேநீர்த் தட்டோடு வந்தார் மெட்காஃபின் மனைவி மேவிஸ். திரையை எட்டிப் பார்த்தார்.

“ஹொரேஸ், இது என்ன கிழமை?”

“ஞாயித்துக்கிழமை.”

“சாப்பலுக்குப் போற ஊர்ல ஞாயித்துக்கிழமை எவ துணி காயப்போட்டா? திங்கக்கிழமைதானே துவைக்கிற நாளு! ஒரு கைக்குட்டை தொங்கினாக்கூட எங்கம்மா அந்த வீட்டோட பேச்சை நிறுத்திருவா.”

“அதை இப்பதான் சொல்லணுமா மேவிஸ்?”

“மூணு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு இருந்தது யாரு? இப்பதானே கண்ணுல காட்டுறீங்க!”

உலர்ந்த யானை நீரைக் கண்டது. ஹெப்டன் இருகையும் உயர்த்தி முழங்கினார்: “ஓய்வுநாள்ல உள்ளாடை! குறிப்புல எழுதுங்க தலைவரே! இருநூத்திப் பதினாலு வீடு, ஒண்ணுக்குக்கூட தெய்வபயம் இல்ல!” பிறகு தேன் தடவிய குரலில், “வேணும்னா தேதியைத் திங்கள்னு மாத்திக்குங்களேன்” என்றார். திங்களன்று அந்த உல்லாச ரயிலே இல்லை என்பதை இருவரும் அறிவர்.

ஆக்டன் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கு ஹாலைப் பூட்டணும். அதுக்குள்ள துணியெல்லாம் எடுத்துட்டா ஓட்டிப் பாக்கறேன். இல்லன்னா அவ்வளவுதான்.”

மணி மூன்று பத்து.

தொடங்கிற்று போர். கைப்படக் கட்டிய கொடிகளாதலால் கைப்படவே அவிழ்க்க வேண்டும். ஒரே அடியில் வீழ்த்தும் அஸ்திரம் எதுவும் அந்த மென்பொருளில் இல்லை. தாம் ஒவ்வொன்றாய் மடிப்புக் கொடுத்து, நிழல் கொடுத்து, காற்றுக் கொடுத்துப் பெற்ற பிள்ளைகளைத் தாமே வெட்டும் தந்தையாய், போர்வை உருவினார், மேசைவிரிப்பு உருவினார், போதகர் வீட்டு நீள்காலுடையைக் கண்ணை மூடிக்கொண்டு உருவினார். உருவ உருவத் துகில் வளர்ந்த அந்தப் பழைய சபையைப் போலவே ஒரு கொல்லை தீர்ந்தால் மறுகொல்லை விரிந்தது. மேவிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். “அந்தா, கோழிக்கூண்டுக்குப் பின்னாடி ஒரு பாவாடை.” “அய்யோ, அந்தச் சட்டை நல்லா ஆடுச்சே!” “ஆடுனாலும் எடுங்க ஹொரேஸ், ஞாயித்துக்கிழமை.” முதுகுக்குப் பின்னால் நின்ற ஹெப்டன், வாழ்வில் முதன்முறையாக ஆணியை விட்டு உள்பாவாடைக் கொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்: “நூத்தித் தொண்ணூத்தொம்போது... இருநூறு...” இருநூற்றுப் பதின்மூன்றில் மெட்காஃபின் விரல் மரத்துப்போனது. கடைசிக் கொடியைத் தேடித் திரையெங்கும் அலைந்த நால்வருள், நீர்த்தொட்டியின் பின்னே தொங்கிய ஒற்றைக் காலுறையைக் கண்டு விரல் நீட்டியவர் மேவிஸ். அதுவும் வீழ்ந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

நிர்வாணமாயினும் பாவமற்று, பழுதற்று, சாப்பல் மணியோசை ததும்ப, நாற்பதாயிரம் மரங்களும் கருமுகச் செம்மறிகளும் இருமருங்கும் அணிவகுக்க, மூன்றாண்டுத் தவத்தின் திருமேனியாய் ஹேக்கர்பி பள்ளத்தாக்கு விரிந்து கிடக்க, அதன் நடுவே வெண்புகை கக்கியபடி உல்லாச ரயில் ஆக்டனின் கையில் புறப்பட்டது. மெட்காஃப் மூச்சை அடக்கினார். ஹெப்டன் குறிப்பேட்டை இறுகப் பற்றினார். மேவிஸ் கணவரின் மரத்த விரலைத் தம் கைக்குள் வைத்துத் தேய்த்தார்.

ஆக்டன் வேகமானியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டி முடித்து, “சரி, இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாலைப் பூட்டினார்.