சுடுதண்ணீருக்கு ஒரு திறப்பு விழா

புத்தளத்துக் கரையில் பிறந்தவர்கள் சூட்டைத் தேடிப் போவதில்லை, அதுவே வந்து தலையில் உட்காரும். அப்படிப்பட்ட ஊரில் சூடாக்குவதற்கு அரசாங்க மானியம் வாங்கி, அதையும் நாசமாக்கியவள் நான்.

அப்போது நான் பிரதேச செயலகத்தில் புதிய அபிவிருத்தி உத்தியோகத்தர். பொதுக் கட்டடங்களில் காபன் குறைவாக வெளியேறும் சூடாக்கும் வசதிக்கு மானியம் தருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. அலுவலகமே சிரித்தது. "இங்க எதுக்கு சூடு? வெளிய போய் நில்லுங்க, ஓசில கெடைக்கும்."

நான் சிரிக்கவில்லை. கற்பிட்டிப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் (எது என்று கேட்காதீர்கள், இன்னும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்) பிரசவ வார்டு என் மனதில் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சுடுதண்ணீரில் குளிப்பு இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் உலகமே கவிழ்ந்துவிடும். அங்கே ஒரு பழைய கரண்ட் ஹீட்டர், பில்லுக்குப் பயந்து பாதி நாள் மூடிக் கிடக்கும். ஆறு மாதம் அலைந்து மானியத்தை வாங்கினேன். கூரையில் வரிசையாகக் கண்ணாடிக் குழல்கள் ஏறின. வெயிலே தண்ணீரைச் சுடவைக்கும். பழைய ஹீட்டரை நானே முன்னின்று கழற்றி அனுப்பினேன். (எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.)

திறப்பு விழாவுக்கு முதல் நாள் என் தங்கச்சி றினோஸாவுக்கு அதே வார்டில் ஆண் பிள்ளை பிறந்தது. "ராத்தாட சுடுதண்ணில நான்தான் மொதல்ல குளிப்பேன்" என்று (ராத்தா என்றால் அக்கா, அதாவது நான்) பக்கத்துக் கட்டில்காரிகளிடம் பெருமையடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

விழா அன்று காலை பைப்பைத் திறந்து பார்த்தேன். தண்ணீரில் பசை நாற்றம். கொழும்பிலிருந்து வரும் பெரிய அதிகாரி இதிலா கை நனைப்பார்? முழுவதையும் வடித்துவிட்டு வால்வை மூடினேன். அந்த வால்வுக்கு ஒரு சிவப்பு ரிப்பனும் கட்டினேன். அதிகாரி தன் கையால் திறக்க, புதுத் தண்ணீர் ஏறும். என்ன ஒரு யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் நடுப்பகல் லுஹர் பாங்கு சொன்ன பிறகு வந்தார். அதுவரை அந்தக் குழல்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நடுவெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் ரிப்பனை வெட்டி வால்வைத் திருகினார். குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறியது.

டொம்!

பிறகு டொம், டொம், டொம்!

அதிகாரி கூரையைப் பார்த்து, "ஹரி லஸ்ஸனய்!" என்று கை தட்டினார். சிங்களத்தில், மிக அழகாம். நாங்கள் வெடி கொளுத்துவதாக நினைத்துவிட்டார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். கடைசி வெடியோடு கூரையிலிருந்து தண்ணீர் இறங்கி, அவர் தலையிலும் என் புதுச் சல்வாரிலும் கொட்டியது. நல்லவேளை, கண்ணாடி மேலேயே தங்கிவிட்டது.

சத்தம் கேட்டு வார்டு ஜன்னலுக்கு ஓடிவந்த மிட்வைஃப் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டு!" என்று உள்ளே திரும்பிக் கத்தினார்.

அன்று பின்னேரம் கம்பனி இன்ஜினியருக்கு போன் எடுத்தேன். "தண்ணி இல்லாமலா வெயில்ல விட்டீங்க? சூடேறின கண்ணாடில பச்சத்தண்ணி பட்டா வெடிக்காதா?" என்று கேட்டார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "மிஸ், லைன்ல இரிக்கீங்களா?" என்றார். லைனில்தான் இருந்தேன், இருக்க விருப்பம்தான் இல்லை.

வார்டுக்குள் போனால் றினோஸா தோளில் துவாயோடு உட்கார்ந்திருந்தாள். "ராத்தா, தண்ணி எப்ப வரும்?" அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து துவாய்கள். பழைய ஹீட்டரும் இல்லை, புதியதும் இல்லை. ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "முந்தி பாதி நாளாச்சும் வந்திச்சு."

திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்குத்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதேன்.

மீண்டும் மானியம் கேட்டு எழுதினேன். பொருத்துவதற்குத்தான் மானியம், திருத்துவதற்கு இல்லை என்று பதில் வந்தது. அதனால் தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வீட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்து, தென்னமட்டையும் சிரட்டையும் எரித்து, விருந்துகளில் சஹன் தட்டுகளுக்குச் சோறாக்கும் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். மூடி போட்ட வாளிகளில் ஊற்றி, த்ரீவீலில் ஏற்றி வார்டுக்குக் கொண்டுபோனேன். காபனைக் குறைக்க மானியம் வாங்கியவள், புகை பிடித்த முகத்தோடு அலுவலகம் போனாள். ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தார் ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கிக் கொடுக்கும்வரை இது நடந்தது. அந்தக் கூரைச் சட்டத்தில் இப்போது காகங்கள் உட்காருகின்றன.

றினோஸாவின் இரண்டாவது பிரசவத்துக்குப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். "நீங்க உள்ள வராதீங்க ராத்தா. கட்டடம் புதுசு." வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, றினோஸாவே போன் எடுத்தாள்.

"பொம்புளப் புள்ள ராத்தா. அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு பேரும் சுகம். இப்ப வாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கையக் கழுவிட்டு வாங்க. பைப்ப மட்டும் வேற யாரயாச்சும் தொறக்கச் சொல்லுங்க."

இன்றும் குடும்பத்தில் எந்த விருந்துக்குப் போனாலும், எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் எழும்பி வருவார்கள். பார்ப்பவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள்.