காதர் மைதீனின் அறிமுக உரை

மொழியியல் படித்தவளுக்கு அடுத்தவர் சொல்ல வருவது சட்டென்று புரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் நான் எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஆங்கிலம் பேசப் பழகும் விதம்தான் தலைப்பு. மேலப்பாளையத்தில் மாலை வகுப்பு எடுத்து, ஆறு மாதப் பேச்சைப் பதினெட்டு கேசட்டில் பதிந்திருந்தேன். அவை இல்லையென்றால் எனக்குப் பட்டம் இல்லை. (வீட்டில் வைத்தால் அக்கா சினிமாப் பாட்டைப் பதிந்துவிடுவாள் என்று ரெக்சின் பையில் போட்டுக் கூடவே சுமந்தேன்.)

வகுப்பில் இரண்டு சட்டம். தமிழ் பேசக்கூடாது. எதைச் சொல்வதானாலும் வணக்கம், பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். துபாயில் அதுதான் மரியாதை என்று நானே முடிவுகட்டியிருந்தேன். (துபாயைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.)

ஒருநாள் கரண்ட் போனது. வகுப்பை ஆற்றங்கரைக்கு மாற்றினேன். பையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதியவிட்டேன். மஞ்சள் வெயில், மருத மர நிழல், காற்று. நான் மனசுக்குள் லண்டன் மேடையில் கட்டுரை வாசிக்கப் போய்விட்டேன். அணையில் தண்ணீர் திறந்திருந்தது தெரியாது. ஆற்று நடுவே ஒரு பை பைய மிதந்து போனது. யாரோ கவனமில்லாதவர், பாவம் என்று நினைத்தேன். அது போன அழகில் கண்ணை எடுக்க முடியவில்லை.

தறி நெய்யும் காதர் மைதீன் எழுந்து ஏதோ தமிழில் தொடங்கினார். விரலை உயர்த்தி நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டார்.

"குட் ஈவ்னிங் மேடம். மை நேம் இஸ் காதர் மைதீன். ஐ ஆம் ஃப்ரம் மேலப்பாளையம்."

தலையாட்டி ஊக்கப்படுத்தினேன்.

"மேடம்... தி பேக்..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மாணவர் திணறினால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். காத்திருந்தேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதிய. அந்தா போவுதுல்லா, அது உங்க பை."

இரண்டு பேர் குதித்து நீந்தினார்கள். அதற்குள் பை வளைவைத் தாண்டிவிட்டது. நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். காதர் மைதீன் என்னைவிடக் கலங்கி, தனக்கு இங்கிலீஷ் வராததால்தான் இப்படி ஆயிற்று என்றார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மடியிலிருந்த கேசட் மட்டும் மிஞ்சியது. அதைக் கேட்ட என் ஆய்வு வழிகாட்டி வெகுநேரம் சிரித்துவிட்டு, ஆசிரியர் போடும் சட்டம் மாணவர் வாயை எப்படி அடைக்கிறது என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பட்டமும் வந்தது.

இந்தக் கதையை என் மகளிடம் சொன்னதுதான் தப்பு. இன்றும் அடுப்பில் பால் பொங்கினால் அவள் அணைக்க மாட்டாள். என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "குட் ஈவ்னிங் மேடம்" என்று தொடங்குவாள். ஊர்ப் பெயருக்கு வருவதற்குள் அடுப்பு தானாகவே அணைந்திருக்கும்.