மரியாதைக்கு ரெண்டு கிள்ளு

சர்க்கரை நோய்க்காரர்களில் இரண்டு வகை உண்டு என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் மூன்றாவது வகை ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தன் ஆசைக்காக ஒரு வாய்கூட அதிகம் சாப்பிடாதவர்கள். அடுத்தவர் மனசு நோகக் கூடாதே என்பதற்காக மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள். இவர்களுக்குத் தனி ஊசி கிடையாது, தனி மாத்திரை கிடையாது, பெயரும் கிடையாது. மரியாதைக்காரர்கள் என்று நாமே வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் அவர் தட்டைப் பாருங்கள், பத்தியம். சட்டைப் பொத்தானைப் பாருங்கள், பத்தியம் இல்லை.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கானா நாட்டில், எங்கள் மாம்பொங்கில் அந்தப் பதவி பன்னிரண்டு வருஷமாகப் பெரியவர் பொன்சுவிடம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் குமாசிக்கும் மாம்பொங்குக்கும் பயணிகள் வேன் ஓட்டியவர். சாலையோரத்தில் யார் கை காட்டினாலும் நிறுத்தாமல் போனதில்லை. உள்ளே இடமில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. வேனுக்கு இருந்த குணம் பிற்பாடு வயிற்றுக்கு வந்தது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவர் மனைவி செர்வா தட்டு வைப்பாள். பழுக்காத வாழைக்காய் வேகவைத்தது நாலு துண்டு. வரி போட்ட மண் சட்டியில் மிளகாயும் வெங்காயமும் அரைத்து, அதிலேயே வெந்த சேம்பிலையைப் போட்டு மசித்து, புகை மீனை முள் எடுத்து உதிர்த்துத் தூவி, ஒரு கரண்டி பாமாயில் விடும் இடத்தில் ஒரு சொட்டு விட்டிருப்பாள். ருசிக்குக் கருவாடு போடுவதை அவள் நிறுத்தி ஏழு வருஷம் ஆயிற்று. இஞ்சியும் எலுமிச்சையும் அந்த வேலையைப் பார்த்தன. பக்கத்தில் வெள்ளைக் கத்தரிக்காய் அவித்தது. அந்தச் சட்டியை வழித்து நக்கியவர்கள் பக்கத்து வீட்டில் மூன்று பேர் உண்டு, அவர்களில் யாருக்கும் சர்க்கரை கிடையாது.

பொன்சு ஒரு துணுக்கு விடாமல் சாப்பிடுவார். "உன் கை இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன், செர்வா" என்பார். படுப்பார். மூன்று மணிக்கு எழுந்து செருப்பு மாட்டுவார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"டாக்டர் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்காருல்ல."

மூன்று மணிக்குத்தான் மாம்பொங்கில் உரல் சத்தம் தொடங்கும். மரவள்ளியும் வாழைக்காயும் வெந்து உரலில் விழுந்து, உலக்கை ஏறி இறங்கி, ஃபுஃபு என்கிற களி திரண்டுகொண்டிருக்கும் நேரம். அந்த அரை மணி நேர நடையை முடித்துப் பெரியவர் ஆறு மணிக்கு வீடு திரும்புவார். எந்த வீட்டில் உலக்கை நின்றுவிட்டது, எந்த வீட்டில் இன்னும் இடிக்கிறார்கள் என்று காதாலேயே பார்த்து, அதற்கேற்பச் சந்து திரும்புவார். முப்பத்தொரு வருஷம் வேன் ஓட்டியவருக்கு எந்த நிறுத்தத்தில் எப்போது நிற்க வேண்டும் என்று யார் சொல்லித் தர வேண்டும்?

எங்கள் ஊர் வழக்கப்படி, சாப்பிடுகிற வீட்டைக் கடந்து ஒருவர் போனால், "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடாமல் விடக் கூடாது. போகிறவர், "என் கையும் அதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். கூப்பிடுவது மரியாதை, வராமல் போவது அதைவிட மரியாதை. எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பொன்சு மட்டும் சொன்ன சொல் தவறாதவர். கை கழுவச் செம்பில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

முதல் நிறுத்தம் டுஃபியே வீடு. டுஃபியே யாரென்றால், பெரியவருடைய அக்கா பொக்குவாவின் இரண்டாவது மகன் கட்டிக்கொண்ட பெண்.

"மாமா, உங்களுக்கு ஃபுஃபு ஆகாதுன்னு அத்தை சொன்னாங்களே."

"ஆகாதுதான்மா. யாரு ஆகும்னது? ஆனா உங்க அம்மாவோட அம்மாவுக்கு ஒரு தங்கச்சி. ஒரு காது கேக்காது, நல்ல உயரம். அவதான் என்னைய முதுகுல கட்டிக்கிட்டு ஓடைக்குப் போவா. அவ வழி வந்தவ வீட்டுல நான் கை நனைக்காமப் போனா, பொன்சு மனசுல எதையோ வெச்சிருக்கான்னு பேச மாட்டாங்க?"

"யாரும் பேச மாட்டாங்க மாமா."

"நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. மரியாதைக்கு ரெண்டு கிள்ளு. அந்தக் குழம்பை இப்பிடித் தள்ளு."

இரண்டு கிள்ளு என்பது தொடங்குகிற எண்ணிக்கை. மாம்பொங்கில் பெரியவருக்கு உறவு சொல்ல முடியாத வீடு ஒன்றுகூட இல்லை. தாய் வழியில் வராதவர் தகப்பன் வழியில் வருவார், எந்த வழியிலும் வராதவர் ஒருநாள் அவர் வேனில் வந்திருப்பார்.

மனசாட்சி உறுத்தாதா என்று கேட்கிறீர்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஃபுஃபுவை யாரும் மெல்வதில்லை, விழுங்குகிறோம். பல் படாத பண்டத்தைச் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? குழம்பு என்பது தண்ணீர். அதில் கிடப்பது ஆட்டெலும்பு. எலும்பில் சர்க்கரை உண்டா? ஆகவே அவர் நாளுக்கு ஒரே வேளைதான் சாப்பிடுகிறார், அதுவும் செர்வா கையால். மற்றதெல்லாம் மரியாதை.

சாவுச் சடங்கெல்லாம் எங்களுக்குச் சனிக்கிழமைதான். துக்கத்துக்கான கறுப்பு சிவப்புத் துணி போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவார். இறந்தவரின் வம்சத்தை நாலு தலைமுறைக்குச் சொல்லி, அழுகிறவர்களையே திகைக்க வைப்பார். கிளம்பும்போது கையில் இரண்டு சோற்றுப் பொட்டலம் இருக்கும். ஒன்று அவருக்கு, ஒன்று செர்வாவுக்கு. செர்வா அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததே கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்பு இரண்டு நாள் மட்டும் பெரியவருக்கு ஊரில் உறவே இருக்காது. வெள்ளரிக்காயும் வெந்நீருமாகக் கிடப்பார். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே அப்பா" என்பாள். செர்வா பெருமையோடு தலைத்துணியைச் சரிசெய்துகொள்வாள்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடிற்று.

பிறகு செருப்பு வார் உரசி, இடது கால் இரண்டாம் விரலில் ஒரு புண் வந்தது. பயறு அளவுதான். மூன்று வாரத்தில் நகத்தைச் சுற்றிக் கறுத்தது. வலிக்கவில்லை. அதைப் பெரியவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை விரலில் குத்தவில்லை, கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். முடிவு வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

"அப்பா, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்ற சோதனை இல்ல இது. ரத்தம் மூணு மாசத்தையும் ஞாபகம் வெச்சிருக்கும். இது ரொம்ப மோசமா இருக்கு. ஆறு வாரம் பாப்போம். சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்கணும். விரலோட நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அந்தக் குழாயைப் பெரியவர் பார்த்த பார்வை, கூடப் பிறந்தவன் கோள் சொல்லிவிட்டால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

செர்வா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப என் சமையல்லதான் ஏதோ தப்பு நடக்குது."

பொன்சு குனிந்து செருப்பு வாரைத் தளர்த்தினார். உண்மையைச் சொன்னால் அவள் மனசு நோகுமே.

செர்வாவின் தாய்மாமனுக்கு முதலில் விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். கடைசி இரண்டு வருஷம் அவரைக் குளிப்பாட்டியவள் இவள்தான். அதனால் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு சொட்டு பாமாயிலையும் நிறுத்தினாள். வாழைக்காயை மூன்று துண்டாக்கினாள், பிறகு இரண்டாக்கினாள். அளவு குறையக் குறைய அவருடைய நடை நீண்டது. புண்ணுள்ள காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ். ஆனால் கால் புண்ணை விசாரிக்க அத்தனை பேர் வீடு தேடி வருவது அவர்களுக்கு எவ்வளவு சிரமம்? தடியை ஊன்றிக்கொண்டு அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், டுஃபியே உலக்கை இரவல் கேட்டு வந்தாள். அவளுடையது முனை பிளந்துவிட்டதாம். அடுப்படியில் பெரியவருக்காக எடுத்து வைத்திருந்த தட்டைப் பார்த்தாள்.

"அத்தை, மாமாவுக்கு இவ்ளோதானா?"

"இதுவே அதிகம்னு ரத்தம் சொல்லுதாம்."

டுஃபியே உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மாமா எங்க வீட்டுல இதுக்கு மூணு பங்கு மரியாதை பண்றாரு."

செர்வா கத்தவில்லை, அழவில்லை. வேறு எந்தெந்த வீடு என்று மட்டும் கேட்டாள். உலக்கையைக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் தட்டு வரவில்லை. "இன்னைக்கு அடுப்புல வேல இருக்கு. நீங்க நடந்துட்டு வாங்க, அப்பறம் பாக்கலாம்" என்றாள். பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷத்தைச் செருப்பு மாட்டும்போது மறைப்பது கஷ்டமாக இருந்தது.

டுஃபியே வீட்டில் ஃபுஃபு திரண்டு பளபளவென்று இருந்தது. "வாங்க மாமா, சாப்பிடலாம்."

"என் கையும் அதுலதான் இருக்கு" என்று பெரியவர் செம்பைத் தேடினார்.

"அது எங்களுக்கு மாமா. உங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கேன்." நீலக் கரை போட்ட எனாமல் கிண்ணம் ஒன்று வந்தது. மூடியைத் திறந்தால், வாழைக்காய் ஒரு துண்டு, சேம்பிலை இரண்டு கரண்டி.

தனியாகச் செய்து வைத்ததை ஒதுக்கிவிட்டுப் பொதுக் கிண்ணத்தில் கை வைப்பதைப் போல அவமரியாதை உண்டா? சாப்பிட்டார்.

தச்சர் அனானே வீட்டில் நீலக் கரைக் கிண்ணம். வாழைக்காய் ஒரு துண்டு, சேம்பிலை இரண்டு கரண்டி.

"அண்ணே, என் பொஞ்சாதி உங்களுக்குன்னே பண்ணினது. உப்புக் கொறைக்கப் பாவம் எவ்ளோ கஷ்டப்பட்டான்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் அனானே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவர் கைக்குக் கீழே ஆட்டுக்கால் மிதந்துகொண்டிருந்தது.

பெரியவர் ஒரு வாய் வைத்தார். இஞ்சி. எலுமிச்சை. மீனில் ஒரு முள் இல்லை. இந்த ஊரில் இத்தனை பொறுமையாக முள் எடுக்கிற கை ஒன்றுதான் உண்டு. கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். தன் கல்யாணத்துக்கு வந்த நாலு கிண்ணத்தில் இரண்டாவது.

மூன்றாவது, தேவாலயப் பாட்டுக் குழுத் தலைவர் வீட்டில் இருந்தது. நாலாவது, அக்கா பொக்குவா மடியிலேயே இருந்தது.

"என்னடா பாக்குறே, சாப்பிடு."

"அக்கா, இது செர்வா சமையல்."

"ஆமா."

"எல்லா வீட்டுலயும் இதான்."

"பழையபடி நாலு துண்டு போட்டு, உன் மத்தியானச் சாப்பாட்டை நாலாப் பிரிச்சு நாலு வீட்டுல வெச்சிருக்கா. நீ ஊரைச் சுத்தினாத்தானே சாப்பிடுவே."

"ஊரு முன்னாடி என்னைய இப்படிப் பண்ணலாமா?"

"ஊருக்கு விரல் போகப் போறதில்லடா." அக்கா மூடியைத் தரையில் வைத்தாள். "காலையில வந்து என் காலடியில உக்காந்தா. 'அண்ணி, ஒம்பது நாளா என் சமையல்தான் அவரைக் கொல்லுதுன்னு நெனச்சு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்'னா. நான் என்ன பதில் சொல்றது? நீதான் மரியாதை தெரிஞ்சவன், சொல்லு. என்ன சொல்லியிருக்கணும்?"

நாலு தலைமுறை உறவை நிறுத்தாமல் சொல்கிறவர் செம்புத் தண்ணீரில் கை கழுவினார். கிண்ணத்தை வாங்கினார். ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். அன்று மாம்பொங் முழுவதும் சுற்றி, அவர் சாப்பிட்டதெல்லாம் தன் வீட்டுச் சாப்பாடு.

திரும்பி வரும் வழியில் ஒரு தையல்காரர் வீடு. புதிதாகக் குடிவந்தவர்கள், செர்வாவின் பட்டியலில் இல்லாதவர்கள். செம்பனைக் கொட்டைக் குழம்பின் வாசனை தெருவைக் கடந்து வந்தது.

"வாங்க பெரியவரே, சாப்பிடலாம்."

பெரியவர் நின்றார். ரொம்ப நேரம் நின்றார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு, "என் கையும் அதுலதான் இருக்கு" என்றார். இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்தது பொய் என்று நினைத்தீர்களா? மறுநாள் காலையிலேயே தையல்காரரும் அவர் மனைவியும் மாமியாரும் வீட்டு வாசலில் நின்றார்கள். "எல்லார் வீட்டுலயும் கை நனைக்கிறவரு எங்களை மட்டும் தாண்டிப் போயிட்டாரே. நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

பொன்சு நிமிர்ந்து செர்வாவைப் பார்த்தார். நான் சொன்னேனா இல்லையா என்பது போல ஒரு பார்வை.

செர்வா மூன்று பேரையும் உட்கார வைத்தாள். நீலக் கரைக் கிண்ணத்தில் சேம்பிலை பரிமாறினாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

ஆறாவது வாரம் நகம் விழுந்தது, விரல் பிழைத்தது. மாலையில் பெரியவர் இப்போதும் நடக்கிறார், அரை மணி நேரம். அழைக்கிற வீடுகளைத் தாண்டும்போது தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். கால் ஆறி ரொம்ப நாளாயிற்று, தடி எதற்கு என்று யாரும் அவரைக் கேட்பதில்லை.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சித்தப்பா முகமோ மைத்துனர் முகமோ ஞாபகம் வந்திருக்கும். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும். போகட்டும். கடைசியாக யாருடைய மனசு நோகக் கூடாதென்று இரண்டாந்தடவை வாங்கிக்கொண்டீர்கள்? அவர்கள் வற்புறுத்தினார்களா, இல்லை, ஒரு பேச்சுக்கு ஒரே தடவை கேட்டார்களா? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். அவசரமே இல்லை. ரத்தம் மூன்று மாதம் வரை ஞாபகம் வைத்திருக்கும்.