காக்கை வீட்டுப் பச்சைக்கல் சொத்து

ஒரு காட்டில் ஓடைக்கரையோரமாக ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் கிழக்குக் கிளையில் வெள்ளையம்மா என்ற காக்கையும், மேற்குக் கிளையில் அவள் தம்பி செங்கோடனும் குடியிருந்தார்கள். பெயரை வைத்து நிறத்தை முடிவு செய்துவிட வேண்டாம். இரண்டு பேரும் நல்ல கறுப்பு.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. காரணம், சொத்து.

அவர்களுடைய அப்பா காக்கை, வாழ்நாள் முழுவதும் பச்சையாக மின்னுகிற கற்களைப் பொறுக்கிப் பொந்தில் சேர்த்தது. என்ன கல் என்று கேட்டவர்களிடமெல்லாம், "கார்னெட். ரத்தினத்துல ஒரு ஜாதி. சிவப்பு கார்னெட் எங்கேயும் கிடைக்கும். பச்சைதான் அபூர்வம்" என்று சொல்லும். கற்களையாவது ஓடையில் பொறுக்கியது. அந்த வார்த்தையை எங்கே பொறுக்கியது என்று யாருக்கும் தெரியாது.

அப்பா கண்ணை மூடிய பிறகு காட்டெருமை வந்து பஞ்சாயத்து செய்தது. குவியலை மூக்கால் தள்ளி இரண்டாகப் பிரித்தது. காட்டெருமையின் மூக்கு அவ்வளவு நுட்பமான கருவி அல்ல. அக்காவுக்குத் தம்பியின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. தம்பிக்கு அக்காவின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

ஒரே மரத்தில் இருந்துகொண்டு எதுவுமே பேசாமல் இருக்க முடியாதே. அதற்கு நடுக்கிளைக் குக்குறுவான் இருந்தது. பச்சை உடம்பும் தடித்த அலகுமாக இருக்கும் சின்னப் பறவை.

"குக்குறுவானே, அந்த மேற்குக் கிளைக்காரன்கிட்ட சொல்லு. அவன் வீட்டுக் குச்சியெல்லாம் என் வாசல்ல வந்து விழுது."

குக்குறுவான் கழுத்தை மட்டும் திருப்பும். "உங்க வீட்டுக் குச்சியெல்லாம் அவங்க வாசல்ல விழுதாம்."

"காத்துகிட்டப் போய்க் கேக்கச் சொல்லு!"

கழுத்து இந்தப் பக்கம் திரும்பும். "காத்துகிட்டப் போய்க் கேக்கணுமாம்."

இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் குக்குறுவான் திரும்பச் சொன்ன பிறகுதான் கோபம் வரும். அதுதான் முறை.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. தன் பங்கு குறைவு என்ற கவலையில் வெள்ளையம்மா ஓடைக்குப் போய்ப் பச்சையாகக் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிவந்து குவியலில் போட்டாள். அதைப் பார்த்துவிட்டுச் செங்கோடனும் போனான். இப்படியே போட்டி போட்டுப் பொறுக்கியதில், அப்பா விட்டுப்போன கல் எது, தான் சேர்த்த கல் எது என்று இருவருக்குமே தெரியாமல் போயிற்று. கூட்டில் படுக்க இடமில்லை. செங்கோடனின் மனைவி வாசலில்தான் தூங்கினாள்.

செங்கோடனுக்கு ஒரு மகள் பிறந்தாள். அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்தக் குஞ்சு பறக்கப் பழகிய நாட்களில் ஒரு காலை, காற்று ஒரு பக்கம் இழுக்க, சிறகு இன்னொரு பக்கம் அடிக்க, தவறிப்போய் வெள்ளையம்மாவின் கூட்டுக்குள் வந்து பொத்தென்று விழுந்தது. எழுந்து, சிறகை உதறி, மரியாதையாகக் கேட்டது:

"ஸாரி ஆன்ட்டி. இது எந்தக் கிளை?"

வெள்ளையம்மா கையால், அதாவது அலகால், மேற்கே காட்டினாள். குஞ்சு "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தத்தித் தத்திப் போயிற்று.

அன்று முழுவதும் அவள் எதையும் தின்னவில்லை. கூடப்பிறந்த தம்பியின் மகள். அத்தை என்று கூப்பிட வேண்டிய வாய், ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறது. முன்பின் தெரியாத கொக்கைக்கூட அந்தக் குஞ்சு அப்படித்தான் கூப்பிடும்.

சாயங்காலம் குக்குறுவானைக் கூப்பிட்டாள்.

"அவன்கிட்ட சொல்லு. குகைப்பாறைப் பக்கம் கல் பாக்குறவர் ஒருத்தர் கடை போட்டிருக்காராம். ரெண்டு பேர் கல்லையும் கொண்டுபோய்க் காட்டுவோம். யாருக்கு அதிகம் வந்திருக்குன்னு அவர் சொல்லட்டும். அதிகம் வந்தவங்க மீதியைத் திருப்பிக் குடுத்துரணும். இத்தோட இந்தச் சனியன் ஒழியட்டும்."

குக்குறுவான் திரும்பச் சொன்னது. மேற்குக் கிளையில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "வரேன்னு சொல்லு" என்று வந்தது.

கல் பார்ப்பவர் பெயர் நேத்திரமூர்த்தி. தேவாங்கு. முகத்தில் கண் போக மிச்ச இடம்தான் மற்ற உறுப்புகளுக்கு. அப்படிப்பட்ட கண் போதாதென்று அதன் மேல் ஒரு லென்ஸும் மாட்டியிருப்பார். அக்கம்பக்கத்து மலைகளிலும் அவருக்கு நல்ல பெயர். அவர் கல் என்றால் கல், கண்ணாடி என்றால் கண்ணாடி. மேல்முறையீடு கிடையாது.

கடை வாசலில் வரிசை நின்றது. டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த லங்கூர் குரங்கு, இரண்டு காக்கைகளும் தனித்தனியாகக் கை நீட்டியதைப் பார்த்தது.

"ஒரே அப்பா சொத்துதானே? குடும்பத்துக்கு ஒரு டோக்கன்."

"நாங்க வேற வேற குடும்பம்" என்றான் செங்கோடன்.

"சொத்து பிரிஞ்சதா, இல்ல பிரச்சினையில இருக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"அப்போ ஒரே குடும்பம்" என்று சொல்லி லங்கூர் ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தது. அதோடு ஒரு படிவம். 'கல் பரம்பரையாக வந்ததா, சுயமாகச் சேகரித்ததா? பொருந்தாததை அடிக்கவும்' என்று அதில் இருந்தது. வெள்ளையம்மா ஒன்றை அடித்தாள். செங்கோடன் பிடுங்கி மற்றதையும் அடித்தான். அப்படிப் பார்த்தால் கல் வானத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். லங்கூர் அதைப் படிக்காமலே முத்திரை குத்தியது.

இவர்களுக்கு முன்னால் நின்ற மயில், தான் உதிர்த்த தோகையை மதிப்பிடச் சொல்லி நேத்திரமூர்த்தியிடம் வெகுநேரம் வாதாடியது. அது கோபமாக வெளியே வந்த பிறகு இவர்கள் முறை வந்தது. குக்குறுவானும் பின்னாலேயே நுழையப் பார்த்தது. லங்கூர் வாலைக் குறுக்கே நீட்டி, "கூட வந்தவங்களுக்கு உள்ளே அனுமதி இல்ல" என்றது.

ஆகவே அக்காவும் தம்பியும் ஒரே கல்லின் மேல் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. நடுவில் ஆள் இல்லை.

வெள்ளையம்மா நேத்திரமூர்த்தியைப் பார்த்தாள். "ஐயா, அவனை முதல்ல கொட்டச் சொல்லுங்க."

"ஐயா, வயசுல மூத்தவங்களை முதல்ல கொட்டச் சொல்லுங்க" என்றான் செங்கோடன்.

"நான் கல் பாக்குறவன். போஸ்ட்மேன் இல்ல" என்றார் நேத்திரமூர்த்தி. "ரெண்டு பேரும் ஒண்ணாக் கொட்டுங்க."

கொட்டினார்கள். இரண்டு குவியலும் மேசையில் சரிந்து ஒன்றாகிவிட்டன. இருவரும் பதறிப்போய்ப் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்து, இடது பக்கம் வைத்தார். அடுத்ததும் இடது பக்கம். அதற்கடுத்ததும். வலது பக்கம் காலியாகவே இருந்தது. வெள்ளையம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இடதா வலதா, எது நல்ல பக்கம் என்று கேட்கப் பயமாக இருந்தது.

கடைசியில் அவர் லென்ஸைக் கழற்றினார். "இதை யார் கார்னெட்னு சொன்னது?"

"எங்கப்பா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"உள்ளே பாருங்க. குட்டிக் குட்டியாக் காத்துக் குமிழி தெரியுதா? பச்சை கார்னெட்டுக்குள்ள பாத்தா சிலதுல குதிரை வால் மாதிரி இழை ஓடும். இப்படிக் குமிழி இருக்காது. இது பாட்டில் கண்ணாடி. ஓடைக்கு மேல இருக்கிற அருவிக்கு வர்ற மனுஷங்க குடிச்சிட்டுப் பாறையில உடைக்கிறது. தண்ணியில உருண்டு உருண்டு வழவழன்னு ஆயிடும்."

"எல்லாமேவா?" என்றான் செங்கோடன்.

"எல்லாமே."

"அப்பா சேத்ததுமா?" என்றாள் வெள்ளையம்மா.

"எது உங்கப்பா சேத்தது, எது நீங்க சேத்ததுன்னு எனக்குத் தெரியாது. குப்பை எல்லாம் ஒரே குப்பை."

இருவரும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். குக்குறுவான் ஆவலாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தம்பி திரும்பினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், உன் பொண்டாட்டி வாசல்ல படுத்துக் கெடந்தாளேடா. பீர் பாட்டிலுக்கு இடம் விட்டு."

செங்கோடனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீ மட்டும் என்ன? மழைக்காலத்துல ஓடையில எறங்கி எறங்கிச் சளி பிடிச்சுக் கெடந்தே. ராத்திரியெல்லாம் இருமுவ. எனக்குத் தூக்கமே வராது, தெரியுமாக்கா?"

அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. வெள்ளையம்மா பேச்சை மாற்றுவதற்காக, மனிதர்கள் சிந்திவிட்டுப் போன காராச்சேவைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

"உன் மக மூக்கு அப்படியே அம்மா மூக்கு" என்றாள்.

"குணம் உன்னோடதுக்கா. சொன்னா கேக்கவே மாட்டா."

"அவளை அத்தைன்னு கூப்பிடச் சொல்லுடா."

"சொல்றேன்க்கா. இன்னைக்கே சொல்றேன்."

கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நேத்திரமூர்த்தி நாணயமானவர். மேசையைத் துடைக்கும்போது தட்டுக்கடியில் ஒரு கல் நழுவிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். எடுத்து லென்ஸில் வைத்தார். குமிழி இல்லை. உள்ளே மெல்லிய இழைகள், குதிரை வால் மாதிரி. உடனே லங்கூரை விட்டு இருவரையும் திரும்பக் கூப்பிட்டார்.

"மன்னிக்கணும். ஒண்ணு அசல். பச்சை கார்னெட். நல்ல கல்லு, ரொம்ப நல்ல கல்லு. யாரோடது?"

இருவரும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள். அது சின்னதாக, பச்சையாக, ஒரு தப்பும் செய்யாததைப் போல மின்னியது.

"அக்காவோடதுங்க" என்றான் செங்கோடன்.

"இல்லைங்க, தம்பியோடது" என்றாள் வெள்ளையம்மா.

"நீதானேக்கா மூத்தவ. நீயே வெச்சுக்கோ."

"நீ பிள்ளைகுட்டிக்காரன். நீ வெச்சுக்கோ."

"ஏன், உனக்கு இல்லேன்னுதானே ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தே? இப்ப எடுத்துக்கோ."

வெள்ளையம்மாவின் கழுத்து இறகு மெல்ல எழுந்தது. "ஓ, எனக்கு நீ தானம் பண்றியா?"

"நீ பண்ணா அது பாசம். நான் பண்ணா தானமா?"

"உன் மனசுல இருக்கிறது எனக்குத் தெரியாதா? இன்னைக்குக் குடுத்துட்டு, நாளைக்கு ஊரைக் கூட்டி அக்கா அமுக்கிட்டான்னு சொல்லுவ!"

"உனக்கு அந்தப் புத்தி. அதனாலதான் எனக்கும் இருக்கும்னு நெனைக்கிறே!"

வாசலில் குக்குறுவான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

செங்கோடன் வாயைத் திறந்தான். அடுத்து சொல்லப்போவது என்ன என்று அவனுக்கே தெரியும். 'ஐயா, அவங்ககிட்ட சொல்லுங்க' என்று ஆரம்பிக்கும். அவன் அக்காவைப் பார்த்தான். அக்காவும் அதே நினைப்போடு அலகைத் திறந்தபடி நின்றிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

"ஐயா" என்றாள் வெள்ளையம்மா, மெதுவாக. "இதையும் கண்ணாடின்னு சொல்லிருங்களேன்."

"சொல்ல மாட்டேன். என் கண்ணுக்கு மரியாதை இருக்கு."

"கொஞ்சம் இருட்டுல வெச்சுப் பாருங்க" என்றான் செங்கோடன்.

"இருட்டுல எனக்கு இன்னும் நல்லாத் தெரியும்."

வெள்ளையம்மா யோசித்தாள். "சரி. உங்க கூலி என்னன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லையே?"

"அது வந்து..." என்று நேத்திரமூர்த்தி இழுத்தார்.

"அதையே எடுத்துக்கங்க."

"இது கூலியைவிட எவ்வளவோ அதிகம்மா."

"எங்களுக்கு அது அதிகம்தான்" என்றாள் அவள். செங்கோடன் வேகமாகத் தலையாட்டினான். நேத்திரமூர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேசைக்கடியில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சையும் சிவப்பும் நீலமுமாக அசல் கற்கள் தளும்பிக் கிடந்தன. பெரும்பாலும் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் விட்டுப்போனவை. இந்தக் கல்லையும் அதற்குள் போட்டு மூடினார். "நாணயமா நடந்துக்கறதுதான் இந்தத் தொழில்ல லாபம்" என்று லங்கூரிடம் சொன்னார்.

கண்ணாடிக் குவியலைப் பாறையிலேயே விட்டுவிட்டு அக்காவும் தம்பியும் ஒன்றாகவே வீட்டுக்குப் பறந்தார்கள். மறுநாள் காலையில் செங்கோடனின் மகள் கிழக்குக் கிளைக்கு வந்து, "அத்தை, எனக்கும் பச்சைக்கல் வேணும்" என்று கேட்டாள்.

வெள்ளையம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"இதுக்கப்புறம் இன்னொண்ணு பொறந்து பங்கு கேட்டா?" என்று கேட்டாள் அவள்.

"அதுக்கும் சேத்துப் பொறுக்கிடலாம்க்கா."

"பாத்துப் பொறுக்கணும்டா. தப்பித் தவறி அசல் கலந்துடப் போவுது. குமிழி இருக்கான்னு ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல வெச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. அருவிப் பக்கம் ஒரு வேன் வந்து நின்று, ஆட்கள் பாட்டில்களோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தம்பியும் பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் குடித்து முடிக்கட்டும் என்று பேசிக்கொண்டே காத்திருந்தார்கள்.

நீதி: பிள்ளைகள் கடைசிவரை ஒற்றுமையாக இருக்க வேண்டுமென்றால், பெற்றோர் நல்ல தரமான போலியாகப் பார்த்துச் சேர்த்து வைக்க வேண்டும்.