முட்டம் கடலில் போட்ட பெட்டிகள்

எட்டுத் திசைகளும் யாருக்குக் கட்டுப்பட்டவை என்று மனித குலம் யுகயுகமாகத் தேடியது. 2012ஆம் ஆண்டு விடை கிடைத்தது. அவை வேர்க்கிளம்பி நாராயணபெருமாளுக்குக் கட்டுப்பட்டவை. அவரைப் பார்க்கப் போனவர்கள் ரப்பர் தோட்டத்துக்குள் வழி தெரியாமல் சுற்றி, டீக்கடையில் விசாரித்துத்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவர் பார்த்தது ஜி.பி.எஸ். பிரசன்னம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தால் வழி சொல்லும் பெட்டியை, வளைகுடாவிலிருந்து வரும் மச்சான்மார் சென்ட் பாட்டிலோடு சேர்த்துக் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் சோழி உருட்டிப் பார்க்கிற ஊரில், வழி சொல்கிற பெட்டிக்குப் பார்க்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும்?

வெள்ளிதோறும் கூட்டம். ராசிப் பலகையில் சோழிகள் உருளும். காருக்கு என்ன நட்சத்திரம்? ஆர்.சி. புத்தகத்தில் பதிவான நாளைப் பார்த்து அவரே சொல்லிவிடுவார். உரிமையாளர் வேதக்காரரா? ஞானஸ்நானம் எடுத்த நாள் போதும். அய்யாவழிக்காரரா? அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மத நல்லிணக்கம் பற்றி மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் ஒருமுறை அங்கே வந்து பார்த்திருக்கலாம்.

கொண்டுபோன பெட்டி எதுவும் கொண்டுபோனவருக்கு ராசியாக அமைந்ததில்லை. "இது எதிர்திசைப் பெட்டி. ஆளை அடிக்கும்" என்பார். அதை அவரே முட்டம் கடலில் போட்டு தோஷம் கழிப்பார். அடுத்த வெள்ளி, காருக்கு இசைவான 'கன்னிப் பெட்டி' ஒன்றைத் தட்சணை வாங்கிக்கொண்டு தருவார். கன்னிப் பெட்டிகள் அவருக்கு எங்கிருந்து வந்தன? பக்தர்கள் கேட்கிற கேள்வியா அது!

மணவாளக்குறிச்சி ஜிபினும் அப்படித்தான் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். கன்னியாகுமரி ஓட்டல் ஒன்று, சீசன் முழுக்கத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஆட்களை அழைத்துவரும் ஓட்டத்தை அவனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை காரில் வழிகாட்டிப் பெட்டி வேண்டும். இல்லையென்றால் வேறு கார். மனைவி ஷீஜாவின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து, ஒட்டியும் கொடுத்து, ஓட்டியும் காட்டிய பெட்டி அது. அதைத்தான் ஆளை அடிக்கும் என்று கடலுக்கு அனுப்பியிருந்தான்.

மறு வெள்ளி ஷீஜாவும் கூடவே கிளம்பினாள். ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் சோதிக்கிறவள். மூஞ்சியைப் பார்த்தே நோயைச் சொல்கிறேன் என்கிறவர்களை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

"ஏட்டி, அங்க வந்து வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?" என்றான் ஜிபின்.

"நான் எதுக்குத் தொறக்கேன்? நீங்க பர்ஸ மட்டும் பாத்துத் தொறங்க."

ஓலைப்பந்தலின் கீழ் நாராயணபெருமாள் பட்டுத்துணியை விலக்கினார். உள்ளே ஒரு பெட்டி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஷீஜா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சாமி, புதுசுதானே? பின்னால கீறலு கெடக்கே?"

"கிரகம் உரசின அடையாளம்."

"வேற யாரும் வச்சிருந்ததில்லல்லா?"

"கன்னிப் பெட்டி, மக்களே. மனுச வாசனை படாதது."

"அப்பிடின்னா இதுக்கு வீடு எதுன்னு தெரிஞ்சிருக்காது. வாங்கினவிய சொல்லிக் குடுத்தாத்தான் தெரியும். இந்தா, வீடு மாதிரி படம் போட்டிருக்கு. அமுக்கிப் பாக்கட்டா?"

நாராயணபெருமாளுக்குச் சோழி தெரியும், பெட்டி தெரியாது. "தாராளமா அமுக்கு" என்று அருள்பாலித்தார்.

அமுக்கினாள். ஒரு வெள்ளைக்காரியின் குரல், நேராகப் போகச் சொன்னது. திரையில் ஒரு கோடு கிழக்கே நெளிந்து நெளிந்து ஓடி ஓரிடத்தில் நின்றது. ஷீஜா உரக்க வாசித்தாள்: "மயிலாடி, மேலத்தெரு."

கூட்டத்திலிருந்து முத்துநாயகம் எழுந்தார். மயிலாடியில் சிலை செதுக்கும் பட்டறை வைத்திருப்பவர். தம்பி காருக்குப் பிரசன்னம் பார்க்க வந்திருந்தார். எட்டி உற்றுப் பார்த்தார்.

"இது எனக்க தெருல்லா? கோடு நிக்கியது எனக்க வீட்டு வாசல்லயாக்கும்! வேய், எனக்க பெட்டிய முட்டத்துல போட்டாச்சுன்னு சொன்னீரே?"

"போட்டேன். கடல் திருப்பித் தந்தது."

"நனையாமலா?" என்றாள் ஷீஜா.

யாரோ சிரித்தார்கள். முத்துநாயகம் தம் காரிலிருந்த கன்னிப் பெட்டியைப் பிடுங்கிவந்து ஷீஜாவிடம் நீட்டினார். அதன் வீடு கீரிப்பாறையில் இருந்தது. கீரிப்பாறை ரப்பர் தோட்ட மேஸ்திரி ஞானதாசன் பந்தல் காலோரம்தான் நின்றார்.

"எனக்க குவார்ட்டர்ஸு! எனக்க மருமவன் துபாய்ல இருந்து அனுப்பினதுவே அது!"

அப்புறம் யாரும் சோழியைப் பார்க்கவில்லை. ஆளாளுக்குக் காருக்கு ஓடினார்கள். அமுக்கிய பெட்டியெல்லாம் அடுத்தவன் வீட்டைக் காட்டியது. மாவட்டத்தின் பாதி வீடுகள் அந்தப் பந்தலுக்குள் இடம் மாறிக் கிடந்தன.

நாராயணபெருமாள் நிதானம் இழக்கவில்லை. "பெட்டிகளுக்கும் பூர்வ ஜென்ம வாசனை உண்டு. அது முற்பிறவி வீட்டைக் காட்டுது" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள்.

ஜிபினின் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. எல்லோருடையதும் ஆளுக்கொரு கையில் கிடைத்துவிட்டது, அவனுடையதைக் காணோம். "ஏட்டி, திங்கக்கிழமைக்கு நான் என்ன செய்வேன்?"

ஷீஜா பந்தலைத் தாண்டி சாமியின் வீட்டுக்குப் பின்னால் போனாள். கொட்டகையில் நாராயணபெருமாளின் சொந்தக் கார். முன்கண்ணாடியில், ஆளை அடிக்கும் எதிர்திசைப் பெட்டி ஜம்மென்று ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து வீட்டுப் படத்தை அமுக்கினாள். மணவாளக்குறிச்சிக்கு வரச் சொன்னது.

"சாமி, இது ஒங்கள இன்னும் அடிக்கலியா?"

அவர் அப்போது தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம் வேகமாகவே.

திங்கட்கிழமை ஜிபின் விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தான். சீசன் ஓட்டம் அவனுக்கே கிடைத்தது. எங்கே திரும்ப வேண்டும் என்று பெட்டி சொல்லும், ஐயா. எவனிடம் போய்த் தலையைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல அதில் வசதி இல்லை. அதற்கென்று கழுத்துக்கு மேலே ஒன்றை எல்லோரும் சும்மா சுமந்துகொண்டு திரிகிறோம். எப்போதாவது அதையும் அமுக்கிப் பார்க்கலாம்.

முத்துநாயகமும் ஞானதாசனும் அந்த வெள்ளியன்று பந்தலிலேயே அவரவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். முட்டம் கடலில் முங்கி எழுந்ததாகச் சொன்ன அந்த இரண்டு பெட்டிகளிலும், கடையில் திரைமேல் ஒட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை.