அப்பாவின் தும்மலும் அத்தையின் தலையணையும்

அன்பும் அதட்டலும் சரிபாதி கலந்த நர்ஸ் அத்தைக்கு,

இங்கு அனைவரும் நலம்; தலையணையும் நலம். தலைப்புச் செய்தி: இன்று காலை ஒன்பதேகாலுக்கு அப்பா தும்மினார். சேதம் ஏதுமில்லை.

நீங்கள் தைத்துக் கொடுத்த குட்டித் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் தும்மினார். வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதே, நேற்று டாக்டர் தழும்பைத் தடவி, இருமச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எங்கயும் புடைக்கல. குடல் சமத்தா உள்ளேயே இருக்கு" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். இந்தப் பெருமை யாருக்கு? தன்னடக்கம் தடுக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: எனக்குத்தான்.

கிளம்பும்போது நீங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன பட்டியலை (கனம் தூக்காதே, முக்காதே, எடை ஏறாதே, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைக்காதே, இருமினால் தழும்பு விட்டுக்கொடுத்துவிடும்) சட்டமாக்கியவன் நான். இருபது வருஷம் பீரோ தூக்கியவருக்குக் கை சும்மா இருக்குமா? எங்கள் பீரோ கடைக்குத் திரும்பிப் போன முதல் நாளே ஒரு பீரோவில் கை வைத்தார். நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "இறங்குடா குரங்கே!" "அத்தைக்கு போன் போடட்டுமா?" கை தானாக விலகியது. வயிற்றில் தையல் போட்ட டாக்டர் வாயில் போட மறந்துவிட்டதால் வாங்கிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. பாத்ரூம் வாசலில் நின்று "முக்காதீங்கப்பா!" என்று நான் தினமும் கத்தியதில், பக்கத்து வீட்டுக்காரர் நடுத்தெருவில் நிறுத்தி, "தம்பி, அப்பாவுக்கு இன்னைக்கு சுலபமா போச்சா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். கடைசியாக அப்பாவின் சிகரெட் பெட்டியையும் நானே பறிமுதல் செய்தேன். அன்றோடு விட்டவர்தான், இன்றுவரை தொடவில்லை.

விளையாட்டு போகட்டும் அத்தை. பத்து நாள் லீவு போட்டு வந்து, காயத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கிட்டீங்க. அப்பாவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தீங்க. அதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை பத்தாது.

மாமாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
தையல் காத்த தளபதி

பி.கு.: அந்தப் பெட்டி விஷயம். கடைக்குப் பின்னால் நின்று நானே ஒன்றைப் பற்றவைத்தேன். ஒரே இழுப்பு, கண், மூக்கு, காது எல்லாம் சேர்ந்து இருமின. அப்பா தலையணையோடு ஓடிவந்தார். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தலையணையை என் வயிற்றில் அழுத்திப் பிடித்து, "இப்ப இருமுடா" என்றார். இருமல் நின்றதும் பெட்டியை வாங்கிக் கசக்கிச் சாக்கடையில் வீசினார். அவர் விட்டது அப்படித்தான். அதனால் மேலே 'பறிமுதல்' என்று இருப்பதைத் 'திருட்டு' என்று திருத்திப் படிக்கவும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. அப்பாவும் இன்னும் சொல்லல.