உப்பிலியானாவில் ஒரு தேனிலவு

"என்சேக், இந்தப் பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு ஏற முடியாது லா. இன்னும் ரெண்டு மாசத்துல செத்துப் போயிடும், ஐரோப்பாவுக்கு மூணு மாசத்துக்கு மேல இருக்கணும்."

பினாங்கு விமான நிலையத்தின் கவுண்ட்டரில் இருந்த பெண், மலாயில் ஐயா போட்டு, இதை வெகு இனிமையாகத்தான் சொன்னாள். குணாளன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான், தூக்கிப் பிடித்தும் பார்த்தான். தேதி மாறவில்லை.

"புதுசு எடுக்க ஒரு மணி நேரம் போதுமே மிஸ்?"

"போதும். ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கக்கிழமை மலேசியா தினம், லீவு. செவ்வாக்கிழமை போய் எடுங்க."

விமானமோ இன்னும் இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிறது. மலிவு விலை டிக்கெட், மாற்றவும் முடியாது.

"ஐயோ!" என்றாள் ஜெகதீஸ்வரி. கைமருதாணி கூட இன்னும் அழியாத புது மனைவி. அழுவாள் என்று பயந்து குணாளன் கைக்குட்டையை எடுத்தான். அவள் அழவில்லை. கடைசியில் அவன்தான் அதில் மூக்கைச் சிந்திக்கொண்டான்.

அவன் கவலை பயணத்தைப் பற்றியது அல்ல. மாமனாரைப் பற்றியது. மாமனார் மோகனராஜ் குடிநுழைவு இலாகாவில் காலமெல்லாம் மற்றவர்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாண விருந்தில் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்பிள்ளை, பாஸ்போர்ட்டெல்லாம் பாத்துக்கிட்டீங்களா?"

மண்டபமே கேட்கும்படி குணாளன் பதில் சொன்னான். "மாமா, பாயான் பாரு ஃபேக்டரியில நான் குவாலிட்டி இன்ஜினியர். அடுத்தவன் தப்பக் கண்டுபுடிக்கிறதுதான் என் வேலையே!"

அந்த மனிதர் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

லுப்லியானாவைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். ஸ்லோவேனியாவின் தலைநகரம், சின்ன ஊர், நடந்தே சுற்றிவிடலாம். அவன் அம்மா குமுதாவுக்கு மட்டும் அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "உப்பிலியானாவா? உப்பில்லாத ஊருக்கு எதுக்குடா போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெகதீஸ்வரி ஆரம்பத்தில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டதுண்டு. அவள் கடலுக்கு அக்கரையில் சுங்கை பட்டாணிக்காரி. "பாலம் தாண்டி வந்தா புடவைக் கடை, டாக்டர், திரும்ப வீடு. பினாங்க நின்னு பாத்ததே இல்லங்க. தேனிலவுக்கு இங்கயே..." குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான். "பினாங்குல என்னா இருக்கு?"

இப்போது பினாங்கில் அவன் இருந்தான், இரண்டு பெட்டிகளோடு.

"நீயாவது மூணு மாசம் முன்னாடி கல்யாணப் பதிவுக்கு நகல் எடுக்கறப்ப தேதியப் பாத்திருக்கலாம்ல, ஜெகா?"

"நான் உங்க போட்டோவத்தாங்க பாத்தேன். அழகா இருந்துச்சு."

குணாளன் பாஸ்போர்ட்டை மறுபடி திறந்து அந்தப் போட்டோவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"ஒரு யோசனை சொல்லட்டா?" என்றாள் அவளே. "சூலியா தெருவுல ஒரு சின்ன ஹோட்டல் இருக்கு, எதுலயோ பாத்தேன். ஒரு வாரம் அங்க இருந்துட்டு, போயிட்டு வந்த மாதிரி வீட்டுக்குப் போயிடலாம். அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

ஹோட்டல் வாசலில் தன் பெரியப்பா மாதிரி ஒருவரைப் பார்த்துவிட்டுக் குணாளன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஜெகதீஸ்வரியே கவுண்ட்டரில் ஷஃபீக் என்ற பையனிடம் பேசிச் சாவி வாங்கி வந்தாள். நீண்ட விடுமுறை, ஊரெங்கும் அறை கிடையாது. இவர்களுக்கோ மாடியில் தெருவைப் பார்த்த சன்னலோடு ஓர் அறை.

"உனக்கு நல்ல ராசி ஜெகா!" என்றான் குணாளன்.

அவள் பெட்டியைத் திறந்தாள். பருத்திச் சுடிதார்கள், வெயில் தொப்பி, குடை, ரப்பர் செருப்பு.

"ஸ்வெட்டர் எங்க?"

"அங்க போய் வாங்கிக்கலாம்னு இருந்தேங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் படம் எடுத்தார்கள். கடலோரத் திடலுக்கு எதிரே வெள்ளைக்காரன் காலத்து வெள்ளைக் கட்டடம் ஒன்று, பெரிய பெரிய தூண்களோடு நிற்கிறது. அதன் முன்னால் குணாளன் கம்பளி ஸ்வெட்டரில் நின்றான். ஜெகதீஸ்வரி ஹோட்டல் போர்வையைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டாள். குளிரில் நடுங்குவது போலச் சிரிக்க வேண்டும், வியர்வையோ மூக்கு நுனியில் சொட்டியது. ஒன்பது மணிக்கு, "லுப்லியானாவிலிருந்து காலை வணக்கம்!" என்று படத்தைக் குடும்பக் குழுவில் போட்டான்.

மாமனாரின் பதில் உடனே வந்தது. "மாப்பிள்ளை, அங்க இப்ப விடியக்காலை மூணு மணி. வெயில் அடிக்குதே?"

குணாளன் அவசரத்தில் தட்டினான். "இந்த ஊர்ல சூரியன் மறையாது மாமா."

"அது நார்வே."

"நேத்து எடுத்த படம் மாமா. தூக்கக் கலக்கத்துல மாத்தி எழுதிட்டேன்."

"சரி. பின்னால பெச்சா நிக்குதே?"

பெரிதாக்கிப் பார்த்தான். ஒரு தூணுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பூவால் அலங்கரித்த மூன்று சக்கர பெச்சா. அதன் மேல் கால் நீட்டித் தூங்குகிற ஆள் வேறு.

"நம்ம பினாங்கப் பாத்து இவங்களும் ஆரம்பிச்சுட்டாங்க மாமா."

குணாளன் பதிலுக்காகப் போனையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெகதீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ரொட்டி சானாயைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "நீங்க கவலப்படாதீங்க. இன்னொரு ரொட்டி சொல்லட்டுமா?"

மத்தியானம் நாசி கண்டார் கடையில் இருந்தபோது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். வீடு பக்கத்திலேயே டத்தோ கிராமாட்டில்தான், எட்டிப் பார்த்தால்கூடக் கண்டுவிடுவாள். குணாளன் கேமராவை அணைத்தான்.

"கேமரா கெட்டுப் போச்சும்மா. நல்லா இருக்கோம். காலைச் சாப்பாடு சாப்புடுறோம்."

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "குவா பஞ்சிர்!" சோற்றின் மேல் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லும் கூச்சல் அது. பினாங்கில் பிறந்த எவரும் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

"யாருடா கத்துறது? குவா பஞ்சிர்னு கேக்குது?"

"அது... ஸ்லோவேனியா பாஷைம்மா. அப்படின்னா காலை வணக்கம்."

"அட! எவ்வளவு ஈசியா இருக்கு!"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குமுதா புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாள் விடிந்ததும் குடும்பக் குழுவில் அவள் குரல் ஒலித்தது. "சம்பந்தி, குவா பஞ்சிர்! நம்ம புள்ளைங்க இருக்கிற ஊர்ல காலைல இப்படித்தான் சொல்லிக்குவாங்களாம். சம்பந்தியம்மாவுக்கும் ஒரு குவா பஞ்சிர் சொல்லிடுங்க!"

சிறிது நேரத்தில் மாமனார் எழுதினார். "மாப்பிள்ளை, ஐரோப்பா குடிநுழைவு முத்திரையப் பாத்து நாளாச்சு. உங்க பாஸ்போர்ட்ல குத்துன பக்கத்த ஒரு போட்டோ அனுப்புங்க."

குணாளன் கட்டிலில் மல்லாந்து விழுந்தான். "போச்சு. மாட்டிக்கிட்டேன்."

"உண்மையச் சொல்லிடுங்களேன்," என்றாள் ஜெகதீஸ்வரி. "அப்பா கடிக்க மாட்டாரு."

"மாட்டேன். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

அந்த மரியாதையைக் காப்பாற்ற அவன் செவ்வாய்க்கிழமை நேராக ரப்பர் முத்திரை செய்கிற ஒரு சந்துக் கடைக்குப் போனான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியிருந்த சீனக் கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பெனி சாப்பா?"

"இல்ல அங்கிள். நாட்டு சாப்பு."

"எந்த நாடு?"

"சின்ன நாடுதான் அங்கிள்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். செப்டம்பர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டு நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நாடு சின்னது. ஜெயில் பெருசு, பாஸ்," என்றபடி தொலைபேசியை எடுத்தார்.

குணாளன் ஓடினான். இரண்டு தெரு தாண்டி மூச்சு வாங்கி நின்றபோதுதான், படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் தான் எந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம் என்று தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்வெட்டரைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, நான் லுப்லியானா போகல. பாஸ்போர்ட் தேதிய நான் பாக்கல. சூலியா தெருவுலதான் இருக்கோம். மன்னிச்சிடுங்க மாமா."

எதிர்ப்பக்கம் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை, சிரிப்பு.

"பெச்சாவப் பாத்தப்பவே சந்தேகம் மாப்பிள்ளை. குவா பஞ்சிர்ல முடிவாயிடுச்சு. நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன். சொல்லிட்டீங்க, எனக்கு அது போதும். பாப்பா ரொம்ப அழுதாளா?"

"ஒரு சொட்டு இல்ல மாமா. ஒரு வார்த்தை திட்டல."

"அதான் எம் பொண்ணு! வேற ஒருத்தியா இருந்தா கவுண்ட்டர்லயே உங்கள உரிச்சிருப்பா. கள்ளம் கபடம் தெரியாத புள்ள மாப்பிள்ளை. கண்ணு மாதிரி பாத்துக்குங்க."

குணாளன் அறைக்கு வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

அதற்கப்புறம் ஒளிவு மறைவு இல்லை. மலை ரயிலேறிப் போனார்கள், ஃபெர்ரிப் படகில் சும்மாவே அக்கரை போய்த் திரும்பினார்கள். அந்தப் பெச்சாக்காரரையே பிடித்து ஊரைச் சுற்றினார்கள். அவரை எதற்கு எழுப்பினார்கள் என்று அவருக்கே புரியவில்லை. ஐஸ் மிதக்கும் செண்டோல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி பழைய கடைவீட்டுச் சன்னல்களை வாயைப் பிளந்து பார்த்தாள். அவற்றின் கீழேதான் அவன் பத்து வருஷம் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறான், ஒருநாளும் தலையைத் தூக்கியதில்லை. அந்த வாரம் அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான். அப்படி இருப்பது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கிளம்புகிற நாள் வந்தது. படியிறங்கும்போது குணாளன் நின்றான்.

"ஜெகா, நான் செஞ்ச தப்புக்கு நீ கஷ்டப்பட்டுட்ட. அடுத்த வருஷம் உன்ன லுப்லியானாவுக்குக் கூட்டிட்டுப் போகலன்னா எம் பேரு குணாளன் இல்ல."

"பரவால்லங்க. நமக்குன்னு எழுதியிருந்தது இதுதான்," என்றாள் அவள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

இப்படி ஒருத்தி கிடைக்கத் தான் என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தபடி அவன் கவுண்ட்டரில் சாவியை வைத்தான். ஷஃபீக் முகம் மலர எழுந்து நின்று அவளிடம் கேட்டான்:

"அக்கா, மூணு மாசத்துக்கு முன்னாடியே போன் போட்டு எடுத்து வைக்கச் சொன்னீங்களே, அதே சன்னல் ரூம்தான் குடுத்தோம், புடிச்சிருந்துச்சா?"